இரைச்சல் என்று நாம் நீக்கியது

அன்பு மாப்ள ஸ்டீபனுக்கு,

நம்ம வேலைக்கு விருது வந்துவிட்டது. இரைச்சலை நீக்கி, பேசுகிறவர் குரலை மட்டும் தனியாக எடுக்கும் முறைக்காகப் பொறியாளர் சங்கம் தருகிறது. நீ இருந்தால் பிரியாணி எப்போது என்றுதான் முதலில் கேட்டிருப்பாய். ஆனால் பட்டயத்தில் என் பெயர் மட்டும். உயிரோடு இருப்பவருக்குத்தான் தருவார்களாம். என்ன விதியோ, என்ன எழவோ.

சண்டை போட்டுப் பார்த்தேன். கடைசியில், மேடையில் ஒரு ஒலிப்பதிவு போட்டு முறையை விளக்கலாம் என்று இறங்கி வந்தார்கள். எதைப் போடுவேன்? வல்லத்திராக்கோட்டையில் உன் வீட்டுக் கொல்லையில், பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அலற அலற, நீ பேசிப் பதிந்தாயே, அதைத்தான். அது ஒலித்தால் அந்த அரங்கில் நீயும் இருப்பாய்.

அதற்கு உன் அம்மா சம்மதிக்க வேண்டும். நீ போன பிறகு உன் குரலை அவர் கேட்டதே இல்லை, உன் போனைக்கூட பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். நேற்று லேப்டாப்போடு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

இரைச்சல் நீக்கிய பதிவைப் போட்டேன். ஸ்பீக்கர் இல்லை, நீ மட்டும். கடைசியில் "வாரேன், வாரேன்" என்கிறாயே, அதையும் சோதனைக்காகச் சொன்னது என்றே நினைத்திருந்தேன். அம்மா அழவில்லை. முகம் இறுகிப்போனது.

"இதுல நான் எங்கேப்பா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"சோத்தப் போட்டு வச்சுட்டு நாந்தான கூப்புட்டேன். அதுக்குத்தான் வாரேன்னான். என்னைய ஏன் எடுத்துட்டீங்க?"

மூலப் பதிவைத் தேடிப் போட்டேன். ஸ்பீக்கர் பாட்டுக்கு நடுவே, தூரத்தில், "ஸ்டீபா, சாப்புட வா, ஆறிப்போகுது." எத்தனையோ தடவை கேட்ட பதிவு, ஒரு தடவையும் அது என் காதில் விழவில்லை. நீயாவது சொல்லியிருக்கலாமே, மாப்ள? நம்ம முறை அம்மாவையும் சேர்த்துத் துடைத்திருக்கிறது. அதற்குத்தான் விருது.

அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போடுப்பா. ஆனா என்னையச் சேத்துப் போடு. இல்லாட்டிப் போடாத."

நாளை மறுநாள் விழா. அம்மாவைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைப்பேன். இரைச்சல் நீக்கியதை முதலில் போடுவேன், கைதட்டுகிறவர்கள் தட்டட்டும். பிறகு உன் பெயரைச் சொல்லிவிட்டு மூலப் பதிவைப் போடுவேன். நேரம் முடிந்தது என்று யார் மணி அடித்தாலும் சரி, அம்மா கூப்பிட்டு நீ பதில் சொல்லும்வரை மேடையை விட்டு இறங்கமாட்டேன். இது சத்தியம்.

நேற்று உன் தட்டில் சாப்பிட்டு வந்த,
உன் மாப்ள கண்ணன்