நீங்கள் மாட்டிய முருகன் படம்

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், அப்பா. காலையில் சுவருக்குத் தண்ணீர் பிடித்தபோது நனைந்த சிமெண்ட் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மதுக்கரை சிமெண்ட் ஃபேக்டரியில் ஷிப்டு முடிந்து, சைக்கிளை நிறுத்திவிட்டு நீங்கள் கை கால் கழுவும்போது குவார்ட்டர்ஸ் வாசலில் வரும் வாசனை அது.

உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதற்கு முந்தைய வெள்ளியன்று என் ஆய்வு வழிகாட்டியான மேடம் என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் எம்.ஃபில் தலைப்பைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். நாத்திகம் பற்றித்தான் செய்வேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவருக்கோ தயக்கம். "நாத்திகம்னா என்னம்மா? கடல் மாதிரி. அதுல எந்த மூலை உன்னோடது? அதுவுமில்லாம ஊரு இருக்கற நெலமையில சாமி சமாச்சாரத்துல கை வெக்கோணுமான்னு யோசிச்சுக்கோ" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. குண்டுவெடிப்புக்குப் பிந்தைய அந்த வருடங்களில் கோயமுத்தூரில் பஸ் ஏறுகிறவர்கள்கூடச் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்திருந்தேன். ஞாயிறு தவறாமல் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனவர் நீங்கள். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் அம்மாவைக் கட்டியதற்காக உங்கள் பெரியப்பா வீட்டில் உங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பதை ஒரு பெருமையோடு சொல்வீர்கள். அம்மா மலைக்கோயிலுக்குப் போனால் தடுக்கவும் மாட்டீர்கள். அடிவாரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அவர் இறங்கி வரும்வரை நிற்பீர்கள். அப்படிப்பட்டவர் நான் சொன்னதைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டீர்கள்.

"வேற ஏதாச்சும் எடு அம்மணி."

"ஏனுங்கப்பா?"

"நான் சாமி இல்லைன்னது என்னோட இருக்கட்டும். உம்பேர்ல அத எழுதி வெக்காத. ஞாயித்துக்கெழம பெருந்துறைக்காரங்க வாராங்க."

என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள். பெருந்துறைப் பக்கம் தோட்டம், பையனுக்குத் தொழிற்பேட்டையில் வேலை. இதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் நம் வீட்டில் சாமி அறை இல்லை என்று தெரிந்ததும் நின்றுபோயிருந்தன. அது எனக்கு வருத்தம்கூட இல்லை. உங்களுக்கு அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது அன்று உங்கள் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு நாளும் நாம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுத்தியல் சத்தம் கேட்டு முன்னறைக்கு வந்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கேட்டு வாங்கி வந்த முருகன் படம் நாற்காலியில் சாய்ந்திருந்தது. நீங்கள் ஸ்டூல்மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தீர்கள். ஆணி சுவரில் இறங்காமல் வளைந்துகொண்டே இருந்தது. ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த உங்கள் கைக்கு அன்று ஒரு ஆணி படியவில்லை. அம்மா கதவோரம் நின்று, "உங்களுக்கு எதுக்குங்க இது? நான் எப்பவாச்சும் கேட்டனா?" என்றார். நீங்கள் திரும்பவில்லை. "பொழுதோட கழட்டிப்போடலாம். போய் வேலையப் பாரு" என்றீர்கள். அம்மா தன் தலையிலிருந்த மல்லிகையில் கொஞ்சம் கிள்ளிப் படத்தில் வைத்தார். அதைக்கூட அவர் சந்தோஷமாகச் செய்யவில்லை.

பையன் வீட்டார் வந்தார்கள். அந்தப் படத்துக்குக் கீழே நீங்கள் வெள்ளைச் சட்டையில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை.

பையனின் அம்மா நல்ல மாதிரி. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "என்ன படிக்கற கண்ணு?" என்று கேட்டார்.

"எம்.ஃபில்ங்க."

"அதுல எதப் பத்தி?"

நான் வாயைத் திறப்பதற்குள், "சரித்திரமுங்க. பழைய ராஜாக்க கதையெல்லாம்" என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்கள் குரல் அவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இனி வாழ்நாள் முழுக்க அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் இந்தக் குரலில்தான் பேச வேண்டியிருக்கும் என்று பட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"இல்லீங்க. சாமி இல்லைன்னு சொல்றவங்களப் பத்திங்க. எங்கப்பா மாதிரி."

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்தார். "அப்படீங்களா" என்று மட்டும் சொல்லிக் காப்பியை முழுவதும் குடித்து முடித்தார். "போயிட்டுச் சொல்லியனுப்பறமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சொல்லியனுப்ப மாட்டார்கள் என்று நம் மூவருக்கும் தெரிந்தது.

நீங்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்களோ படத்தைக் கழற்றித் தோள் துண்டால் துடைத்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தீர்கள். நெடுநேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். இருட்டுகிற நேரத்தில் நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு என்னன்னு எழுதிக் குடுக்கப் போற?" என்று கேட்டீர்கள்.

அதுவரை கூட்டங்கள், பேச்சுகள், துண்டறிக்கைகள் என்றுதான் யோசித்து வைத்திருந்தேன். அந்த நிமிடத்தில் அதெல்லாம் யாரோ வேறு ஆட்கள் எழுத வேண்டியது என்று தோன்றியது.

"சாமி கும்புடாத ஊட்டுப் பொண்ணுங்களோட கல்யாணம். அத வெச்சு எழுதலாம்னு பாக்கறனுங்கப்பா."

நீங்கள் தோள் துண்டை எடுத்து மடித்து வைத்தீர்கள். "என்னையும் எழுதுவியா?"

"எழுதட்டுங்களா?"

"படம் மாட்டுனதையும்?"

வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் தலைப்பையே மாற்றிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் கடைசி ஷிப்டுக்காரர்கள் சைக்கிளில் போனார்கள். அவர்கள் போன பிறகு, "எழுது. பேரு மட்டும் போடாத" என்றீர்கள்.

போடவில்லை. தொண்டாமுத்தூரிலிருந்து ஈரோடு வரை வீடு வீடாகப் போனேன். முதல் சில வீடுகளுக்கு நீங்களும் கூட வந்தீர்கள். உங்கள் பழைய கூட்டாளிகள் மேடையில் பேசியதையெல்லாம் உரக்கச் சொல்வார்கள். மகள் கல்யாணத்தைக் கேட்டதும் குரல் இறங்கிவிடும். ஒருவர் மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பழனிக்கு முடி இறக்கியிருந்தார். இன்னொருவரின் மகளுக்கு முப்பத்தைந்தாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்த்தார்.

வாய்மொழித் தேர்வன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "கொள்கையை விட்டுக் கொடுத்த இந்த அப்பாக்களைத் தோற்றவர்கள் என்று சொல்லலாமா?" கதவுக்கு வெளியே உங்களுக்குக் கேட்குமோ என்று அஞ்சினேன்.

வெளியே வந்ததும் நீங்கள் எழுந்து நின்று, "என்ன கேட்டாங்க?" என்றீர்கள். சொன்னேன்.

"நீ என்ன சொன்னே?"

"தோத்தவங்க இல்லீங்க, பயந்தவங்கன்னு சொன்னனுங்கப்பா."

நீங்கள் தலையாட்டினீர்கள். "சரியாத்தான் சொல்லியிருக்கே" என்று சொல்லி, என் கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமும் நடந்தது, பதிவாளர் அலுவலகத்தில். நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு நானும் ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டியாகிவிட்டேன். துணிச்சலான தலைப்போடு யாராவது என் முன்னால் வந்து நின்றால், மற்ற வழிகாட்டிகள் நூல்பட்டியலைக் கேட்பார்கள். நான் முதலில், "ஊட்டுல சொல்லிட்டியா கண்ணு? அப்பா என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்கிறேன். அவர்கள் பதில் சொல்லும்வரை எனக்கு இன்னமும் படபடப்பாகத்தான் இருக்கிறது.