மாடி அறைக்கு நான் எழுதிய எண்

ரிஷிவந்தியம்,
ஆனி 20.

அன்புள்ள செழியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் அபிநயாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், தோஹா வெயிலில் நீயும் அப்படியே இருக்க அர்த்தநாரீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பார்க்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதனால்தான். தங்கதுரை லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன், அறையில் இருக்கிற பையன்களுக்கு முன்னால் பிரிக்காதே. அப்பாவுக்கு முட்டி வலி இப்போது கம்மி, கரும்புக்கு மண் அணைத்தாயிற்று, போன வாரம் கரியாலூர் மலைக்குப் போய்வந்தவர் தூக்க முடியாத ஒரு பலாப்பழத்தைப் பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்தார், தெருவுக்கே பங்கு வைத்தும் மீந்துபோனது. செவலைப் பசு கன்று போட்டிருப்பதைக் கொட்டகைக் கேமராவிலேயே பார்த்திருப்பாய். இப்படியே எழுதிக்கொண்டு போனால் சொல்ல வந்தது நழுவிவிடும், அதற்குத்தான் மனசும் வழி பார்க்கிறது.

சித்திரையில் வீடு முழுவதற்கும் வைஃபை வரவேண்டும் என்று நீ திட்டம் போட்டாயே, அதில்தான் என் தப்பு இருக்கிறது. கூடத்தில் இருக்கும் ஒரு பெட்டி நம் தடித்த சுவரைத் தாண்டாது, ஒன்றுக்கொன்று கை கோத்த மாதிரி இரண்டு மூன்று பெட்டி வைத்தால் எல்லா மூலைக்கும் வரும் என்றாய். எத்தனை பெட்டி, எங்கே வைப்பது என்று முடிவு செய்ய, வீட்டைத் தாளில் வரைந்து அனுப்பி, ஒவ்வொரு இடத்திலும் நின்று போன் காட்டுகிற எண்ணை எழுதச் சொன்னாய். மைனஸ் ஐம்பது பக்கம் இருந்தால் நல்லது, எண்பதைத் தாண்டினால் மோசம் என்று சொல்லிக்கொடுத்தாய். அபிநயா அவள் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகக் களமருதூர் போயிருந்த நேரம், அதனால் வேலை எனக்கு வந்தது. கூடம் நாற்பத்தொன்று, சமையலறை அறுபத்து மூன்று, மாட்டுக் கொட்டகை எண்பத்து நான்கு, எல்லாம் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். உங்கள் மாடி அறையில் எண்பத்தாறு காட்டியது. நான் ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். கண் மங்கவில்லை, கையும் தவறவில்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். இரண்டு வருஷமாக நீ ராத்திரி எட்டு மணிக்கு அபிநயா போனுக்குத்தான் கூப்பிடுகிறாய். மாடியில் லைன் கிடைக்காததால் அவள் கூடத்தில் உட்கார்ந்து பேசுவாள், நான் பக்கத்தில் பூண்டு உரிக்கிற சாக்கில் அவள் தோளுக்கு மேலே உன் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். மாடிக்கும் வைஃபை வந்தால் அவள் போனோடு ஏறிப் போய்விடுவாள், எனக்கு உன் குரல்கூடக் கேட்காது என்று பயந்தேன். கட்டிக்கொண்டு மூன்றே மாதத்தில் புருஷனை வெளிநாடு அனுப்பிய பெண் எங்கள் முன்னால் என்னத்தைப் பேசியிருப்பாள் என்று அப்போது நான் நினைக்கவில்லை. நீயும் என் கணக்கை நம்பி இரண்டு பெட்டியோடு நிறுத்திவிட்டாய். மாட்டுக் கொட்டகைக்கு வைஃபை வந்தது, உன் பெண்டாட்டி அறைக்கு வரவில்லை. இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

அபிநயா திரும்பி வந்ததும் கேட்டாள், “இன்னா அத்த, மேல மட்டும் நெட்டு சுத்திகினே கீது?” என்று. புதுசில் அப்படித்தான் இருக்கும் என்று வாயடைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்தச் சென்னைக் கம்பெனி இன்டர்வியூ. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை, நல்ல புடவை கட்டி, சர்டிபிகேட் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடத்தில்தான் உட்கார்ந்தாள். பத்தே முக்காலுக்கு அப்பாவின் பங்காளிகள் ஆறு பேர் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றார்கள். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். நான் காபி ஆற்றிக்கொண்டே மேலே காது வைத்திருந்தேன், “சார் கேக்குதா, சார் கேக்குதா” என்பது மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. மூன்று தடவை அறுந்துபோனது. மறுநாள் வேண்டாம் என்று மெயில் வந்துவிட்டது.

அன்று ராத்திரி நீ அவளிடம், “அம்மா எழுதிக் குடுத்ததுல மேல அம்பத்திரண்டு, அப்புறம் எப்படி கட்டாகும்? நீ ஒழுங்கா படிக்கல, அத மறைக்க வைஃபை மேல பழி போடுற” என்றாய். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தலையைக் குனிந்து பூண்டை உரித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள் அப்படியே இருந்தேன் செழியா. நேற்று முன்தினம் அவள் ஸ்டூல் போட்டு ஏறி அந்தச் சர்டிபிகேட் பையை பீரோவுக்கு மேலே, பழைய பாய்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை, ஸ்டூலைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் இறங்காமல் அங்கேயே நின்று, “தெரியுங்கத்த. அவரு அப்படிச் சொன்ன அன்னிக்கே மேல நின்னு பாத்தேன், எம்பத்தாறு காட்டுச்சு” என்றாள். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நான் சொன்னா, அம்மா மேலயே பழி போடுறியான்னு அதுக்கும் கேப்பாரு” என்றாள். பிறகு, “ரெண்டு நாளு உங்க கையால சோறு வாங்கவே புடிக்கல. ஆனா ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே போன கீழ எடுத்தாந்து குடுத்திருப்பேனே, அத்த” என்றாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அப்பாவிடமும் சொன்னேன், “நீயாடி?” என்று மட்டும் கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார், இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று நானும் அவளும் போனோடு திரும்ப வீடு முழுக்க நடந்தோம். அவள் எண்ணைச் சொன்னாள், நான் எழுதினேன், அந்தத் தாளையும் வைத்திருக்கிறேன். மூன்றாவது பெட்டியை மாடிப்படி முடிகிற திருப்பத்தில், பிளக் இருக்கிற சுவரில் வைக்கலாம் என்கிறாள், அறைக்குள்ளேயே வைத்தால் கூடத்துப் பெட்டி அதற்கு எட்டாதாம். நீயும் பார்த்துச் சொல். அந்தக் கம்பெனிக்கு மறுபடி எழுதிப் பார்த்தாள், பதில் இல்லை. வேறொரு இடத்தில் ஆடி மூன்றாம் தேதி கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்குள் பெட்டி வந்தாக வேண்டும். கிடைக்காமல் போன வேலைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது, அந்த வெட்கம் எனக்கு இருக்கட்டும். ஆனால் நீ சொன்ன வார்த்தையை நீதான் திரும்ப வாங்க வேண்டும். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நீயும் கேள், சுருக்கமாகக் கேட்டு முடித்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, ஏசியை நேராக முகத்துக்கு வைத்துக்கொண்டு தூங்காதே. நீங்கள் இரண்டு பேரும் மனம் ஒத்து நீடூழி வாழவேண்டும். பெட்டிக்கு இன்றே சொல்லிவிடு, மறந்துவிடாதே. இனி எட்டு மணிக்கு அவள் மாடியிலேயே பேசட்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம், என் போனுக்கே கூப்பிடு. இதை முன்பே வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன்.

உன் அம்மா,
த. விஜயலட்சுமி