சத்தம் போடாதீங்க, அவர் தூங்குறார்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. எல்லோரும் சௌக்கியம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பொய் எழுதாதீங்க என்கிறாள், அதனால் உயிரோடு இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் ஏதாவது ஜோக்கடித்து மழுப்பிவிடுவேன், அதுதான் கடிதம். பிழை இருந்தால் வட்டம் போட்டு வைக்காதே, நான் படித்த படிப்புக்கு இவ்வளவு வருவதே பெரிது.

முதலில் என் வீரபிரதாபத்தைச் சொல்கிறேன். சர்க்கரைக்கு டாக்டர் மாத்திரை எழுதி, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்றார். ராத்திரி ஷிப்டுக்காரன் நான் எழுந்திருப்பது சாயங்காலம், அதுதானே எனக்குக் காலை, அப்போது ஒன்று போட்டேன். விடிந்து வீட்டுக்கு வந்தால் உங்கம்மா காலை மாத்திரை என்று ஒன்றை நீட்டுவாள், அவள் காலைக்கு மரியாதை கொடுத்து அதையும் போட்டேன். பிறகு ஜன்னலைச் சாத்திப் படுக்கும்போது எனக்கு ராத்திரி ஆகிவிடுகிறதே, இன்னொன்று. போன மாதம் குளியலறைத் தரையில் என்னை அள்ளி எடுத்தார்கள். டாக்டர் 'காலை மாத்திரைய எப்ப போட்டீங்க பெரியவரே' என்று கேட்க, நான் 'சாயங்காலம்தான் டாக்டர், ஒருநாள்கூட தவறினதில்ல' என்று பெருமையாகச் சொன்னேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. 'வருஷக்கணக்கா ராத்திரி முழிச்சு, எதை எப்ப செய்யணும்னே உங்க உடம்புக்கு மறந்துபோச்சு, சர்க்கரையும் பிரஷரும் அதோட சேர்ந்துதான் வந்திருக்கு, லீவு நாள்ல தூங்கி இதை ஈடுகட்ட முடியாது' என்றார். இதயமும் கொஞ்சம் வீங்கியிருக்கிறதாம். எனக்குப் பெரிய மனசு என்று உங்கம்மாவிடம் சொன்னேன், அவளும் சிரிக்கவில்லை.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. அலாரம் மாமா போய்விட்டார். பாட்டில் கம்பெனியில் எனக்குப் பக்கத்து விளக்கடியில் உட்கார்ந்து, ஓடிவரும் பாட்டில்களில் வெளிச்சத்தில் விரிசல் பார்ப்பாரே, எனக்குத் தலை தொங்கினால் ஸ்டூலை உதைத்து எழுப்புவாரே, அவர்தான். அன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கேட்டைத் தாண்டினோம், தோள்பட்டை கடுக்கிறது என்றார், எனக்கு மட்டும் என்ன இனிக்கிறதா என்று கேட்டேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். வீட்டுக்குப் போய் ஒரு வாய் டீ குடித்துப் படுத்திருக்கிறார். நம் வீட்டில் நீ எப்படி வளர்ந்தாய் என்று உனக்கே தெரியும், குக்கர் விசில் அடிக்கக் கூடாது, கதவு மோதக் கூடாது, நீ பாடத்தைக்கூட வாயசைத்துத்தான் படிப்பாய். அவர் வீடும் அப்படியேதான். அவர் சம்சாரம் அன்று பகல் பூராவும் பேரப்பிள்ளைகள் வாயைப் பொத்தி, எதிர்வீட்டு டிவியைக் குறைக்கச் சொல்லி, கதவைத் தட்டிய தண்ணீர் கேன்காரனை 'சத்தம் போடாதப்பா, அவர் தூங்குறார்' என்று விரட்டி, நுனிக்காலில் நடந்திருக்கிறாள். சாயங்காலம் வேலைக்கு எழுப்பலாம் என்று டம்ளரோடு போய்க் காலைத் தொட்டிருக்கிறாள், சில்லென்று இருந்திருக்கிறது. படுத்த கொஞ்ச நேரத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது என்று வந்து பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். 'நாள் பூரா யாருக்குண்ணே காவல் இருந்தேன்' என்று என்னைக் கேட்டாள். ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும் அம்மாடி. அவள் அழுதது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. பிணத்தை வைத்துக்கொண்டும் குரலை உயர்த்த அவளுக்கு வரவில்லை, அத்தனை வருஷப் பழக்கம்.

அதிலிருந்து உங்கம்மா நான் தூங்கும்போது வந்து வந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறாள். கண்ணைத் திறந்து என்னடி என்றால் ஈ ஓட்டினேன் என்கிறாள். ஒரு பகலில் எத்தனை ஈ. எனக்கு இருந்த அரைத் தூக்கமும் போயிற்று, அவளும் பகலில் கண்ணயர்வதில்லை, ராத்திரி நான் போனபிறகும் தனியாக விழித்துக்கொண்டு கிடக்கிறாள். பகல் ஷிப்டுக்கு மாற்றுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன், 'ரிடையராகப் போற வயசுல உங்களுக்கு எதுக்குண்ணே பகல்வேஷம்' என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டான். உள்ளதைச் சொன்னால், மாற்றினாலும் என் உடம்பில் போனது போனதுதானாம், டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆஸ்பத்திரியில் இப்போது பார்க்கிற ராத்திரி வார்டையே நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அமைதியான வார்டு, பகல் பூரா நம் கையில், 'எனக்குப் பழகிடுச்சுப்பா' என்றும் சொன்னாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பேனாவை எடுத்தேன். எனக்கும் பழகித்தான் இருந்தது. பழகியது மனசுதான், உடம்பு பாவம் வாயில்லாமல் சுமந்துகொண்டிருந்தது. உனக்கு மாதா மாதம் வர வேண்டியது தள்ளித் தள்ளிப் போகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம், அப்பன் பேசுகிற பேச்சில்லை, ஆனாலும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சாப்பாடு இறங்குவதில்லை, மாப்பிள்ளையை மாடிப்படியில்தான் பார்க்கிறாய், அவர் கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். இதெல்லாம் எனக்கு முதலில் வந்தவைதான், வரிசைகூட மாறவில்லை. உன் உடம்பு இன்னும் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறது, அது நல்லது. என்னுடையது சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டது. நோயாளிகளை ராத்திரி யாராவது பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பாய், நியாயம்தான், முறை வைத்துப் பாருங்கள், நீ ஒருத்தியே மொத்தமாக வாங்கிக்கொள்ளாதே. முடியாது என்று சொல்ல நம் வீட்டில் உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பேசவே கூடாத வீட்டில் அதை எங்கே படிப்பது, இப்போதாவது வாயைத் திறந்து சத்தமாகச் சொல்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம், நீண்ட ஆயுளும் நிம்மதியும் கிடைக்கட்டும். அம்மா தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள், தலையைத் தடவிக்கொடுத்ததாகவும் எழுதச் சொன்னாள். அடுத்த மாதம் பிறந்ததும் என் லீவு நாளில் நடுராத்திரி பார்த்து ஒரு போன் அடிப்பேன். நீ எடுத்து, சொல்லுங்கப்பா, வார்டுல இருக்கேன் என்று சொல்லிவிடாதே. எடுக்கவே எடுக்காதே. மணி முழுசும் அடித்து ஓயட்டும், நான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளை தூங்குகிறாள் என்று உங்கம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த மணியைக் கடைசி வரை கேட்கக் காத்திருக்கும்
உன் அப்பா