இரண்டாவது விடை

என் பிரியமான மச்சானுக்கு,

கார்த்திகைக் காய்ச்சலில் நீ போன பிறகு துறைமுக ஆபீஸ் கணக்கு அறையில் சத்தமே இல்லை. ஒரே கணக்கை இருவரும் தனித்தனியாகப் போட்டு, விடை ஒத்துவந்தால்தான் வெளியே அனுப்புவோம். ஒத்துவராத நாட்களில் நீ என் படிப்பைச் சந்தேகித்தாய். நான் உன் வம்சத்தைச் சந்தேகித்தேன். அந்த வம்சத்தில்தான் பெண் எடுத்திருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வராது.

இப்போது கணக்குப் போடுவதும் நான், சரிபார்ப்பதும் நான். எப்போதும் ஒத்துப்போகிறோம். இவ்வளவு ஒற்றுமையை என்னால் தாங்க முடியவில்லை.

உனக்கு ஒரு செய்தி. யுத்தம் முடிந்ததும் அமெரிக்காவில் கணக்குப் போடும் மின்சார யந்திரம் ஒன்றைக் காட்டியிருக்கிறார்களாம். ஓர் அறை முழுக்க அதுதான். உள்ளே ரேடியோ வால்வுகள் ஆயிரக்கணக்கில். நாம் ஒரு மாதம் உட்காரும் கணக்கை, நீ மூக்குப்பொடி போடும் நேரத்தில் முடித்துவிடுமாம். இனிப் பாலங்கள் கட்டும் முன்பே கணக்கில் இடிந்து காட்டும். புயல் பிறக்கும் முன்பே தாளில் அடித்து ஓயும். நீ இருந்தால் என்ன கேட்டிருப்பாய்?

எஞ்சினியர் அந்தச் செய்தி வந்த பத்திரிகையோடு வந்தார். தோணிகள் ஒதுங்குவதற்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டப்போகிறார்கள். சுவரின் கடல்முனையில் எவ்வளவு கனமான கல் போட வேண்டும் என்பது என் கணக்கு. சரிபார்க்க ஓர் ஆள் கேட்டேன்.

"அங்கன ஒரே மிஷின் ஊருக்கெல்லாம் கணக்குப் போடுதாம். உமக்கு மட்டும் தொணைக்கு ஆள் வேணுமோ வே?"

"மிஷின் தப்பாப் போட்டா யாரு சார் சொல்லுவா?"

"திரும்பப் போடச் சொல்லணும்."

"திரும்பவும் அதே தப்பைத்தான போடும். என்ன, சீக்கிரமாப் போடும்."

அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடை வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். கல் லேசாக இருந்தால் ஒரு புயலில் சுவர் சரியும். அதன் பின்னால் தோணிகளில் ஆட்கள் படுத்திருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் உன் தங்கையிடம் கணக்கைக் கொடுத்தேன். என் விடையைக் காட்டவில்லை. நீ போனதிலிருந்து வீட்டில் பேச்சுக் குறைவு. இருவருக்கும் பேச உன்னைத் தவிர வேறு விஷயம் இல்லை, அதைப் பேசவும் முடியவில்லை. இன்று காலை தாளை நீட்டினாள். விடை வேறு.

"எங்கண்ணன் உங்களோட எப்படித்தான் காலம் தள்ளுச்சோ. மூணாவது வரியைப் பாருங்க."

பார்த்தேன். தப்பு அவளுடையதா என்னுடையதா, இன்னும் தெரியவில்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை போனால் போகட்டும். நாளைக்கு எந்த யந்திரம் வந்து உட்கார்ந்தாலும், அதோடு சண்டை போட ஓர் ஆள் இல்லாமல் நம் ஆபீஸிலிருந்து ஒரு விடையும் வெளியே போகாது. இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கை புருஷன்,
இன்னும் உன் மச்சான்தான்.