கூப்பிடாத குரல்

ஜூன் 3, 1998, புதன்

கஸ்தூரியின் வாயை முதலாளி பொத்திவிட்டார். நாகரிகமாக, ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு.

காலையிலேயே அனல். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரண்டு முறை கரண்ட் போனது. நடுவில் படக் கம்பெனி ஆள் வந்து நாங்கள் செய்யும் கம்ப்யூட்டர் கேமை ஆடிப் பார்த்தான். அவர்கள் படத்துக் கதைதான்: ஆட்டோ ஓட்டும் நாயகன், இடிக்கப்படும் குடிசைகள். ஒரு குடிசை வாசலில் ஒரு பெண் மறித்துக்கொண்டு கத்துவாள்: "இது என் ஊடு! தொட்டுப் பாரு!"

அந்தக் குரல் கஸ்தூரியுடையது. கீழ்த்தளத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. இப்போது சேக்காட்டில் குடியிருக்கிறாள். முன்பு கொரட்டூர் ஏரிக்கரையில் குடிசை. அதை இடித்த அன்று இப்படித்தான் கத்தினாளாம். ரெக்கார்டிங்கில் ஒரே டேக்.

படக் கம்பெனி ஆள் சொன்னான்: "அது என்ன சார் ஊடு? சிங்கப்பூர், மலேசியாவுல விக்கணும். வீடுன்னு சுத்தமா பேச ஆள் போடுங்க."

மு. தலையாட்டினார். க.வின் பெயரும் டைட்டிலிலிருந்து போகிறது. பெயர் வரும் என்று சொல்லித்தான் அவளைப் பேச வைத்தோம். சொன்னது நான்.

ஜூன் 4, வியாழன்

கோடம்பாக்கத்துக் குரல் வந்துவிட்டது. "இது என்னுடைய வீடு." ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி.

கஸ்தூரியின் பழைய குரலை அழித்துப் பார்த்தேன். ஒலிகளை வரிசை எண்ணில் அடுக்கியிருக்கிறோம். ஒன்று போனால் பின்னால் இருப்பவை எல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும். நாய் விசில் ஊதியது. போலீஸ் குரைத்தது. பக்கத்து மேஜை பாஷா விழுந்து விழுந்து சிரித்தான்: "மச்சான், இதாண்டா கரெக்ட்டு, அப்டியே உட்டுடு!"

மு. வந்து பார்த்தார். "அழிக்காதப்பா. கூப்பிடாம விட்டுடு. கெடக்கட்டும்."

கூப்பிடுவது என்றால், கேம் அந்த ஒலியை எடுத்துப் பேசவைப்பது. கூப்பிடாவிட்டால் சிடியில் இருக்கும். யார் காதிலும் விழாது.

எல்லோரும் சாப்பிடப் போனதும் ஒரு வேலை செய்தேன். குடிசைக்கு முன்னால் நின்று, ஆங்கில எழுத்தில் 'ஊடு' என்று தட்டினால் கஸ்தூரி கத்துவாள். மு.வுக்குத் தெரியாது. பயம். சந்தோஷமும்.

தெரிந்தால் வேலை போகும். அப்பா செப்டம்பரில் ரிட்டயர். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாடகை வீட்டுக்கு என் சம்பளத்தை நம்பியிருக்கிறார்கள்.

வாங்க: ரீஃபில், அம்மாவுக்குத் தைலம். ரயில் பாஸ் முடிகிறது.

ஜூன் 5, வெள்ளி

மத்தியானம் க.வை மேலே கூப்பிட்டேன். டிபன் பாக்ஸோடு வந்தாள். தட்டிக் காட்டினேன். குரல் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு.

"ஐயே, என் தொண்டையா இது? எங்க மாமியாரு கேட்டா பயந்துடும்."

பிறகு, "என் புள்ள வெளாடினா கேக்குமா?"

தட்டத் தெரிந்தால் கேட்கும் என்றேன். மற்றவர்களுக்கு என்று கேட்டாள். கேட்காது, கேம் கூப்பிடாது, ஆனால் நீ உள்ளேதான் இருப்பாய் என்றேன். பேரு? இல்லை.

சிரிப்பு நின்றது.

"கூப்டாத எடத்துல நான் இன்னாத்துக்குக் குந்திகினு கீறேன்? பந்தியிலேர்ந்து எழுப்பி உட்டுட்டு, பின்பக்கமா வா எல போடறேன்றியா?"

முதலாளியை எதிர்த்துத்தான் செய்தேன் என்றேன்.

"அவரு தொரத்துனாரு. நீ ஒளிச்சு வச்சிகினு கீற. என்னை யாரு கேட்டீங்க? பேரோட கூப்டு. இல்லாங்காட்டி தூக்கிடு."

டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

திருமுல்லைவாயில் வரும்வரை ரயிலில் அவள் மேல் கோபம். அதற்குப் பிறகு இல்லை.

ஜூன் 6, சனி

மு.விடம் நானே சொல்லிவிட்டேன். ஒளித்ததையும். பெயரைப் போட்டு அவள் குரலையே கூப்பிடுவோம், முடியாதென்றால் இரண்டு நாள் கொடுங்கள், எண்களை எல்லாம் திருத்திக் குரலை வெளியே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"ஒரு தையக்காரிக்காக மாஸ்டர் சிடிய நிறுத்தணுமா? திங்கக்கெழம காலைல காப்பி போடப் போயாகணும். நீ ஒளிச்ச வேலைய மட்டும் எடு."

எடுக்கமாட்டேன் என்றேன். பாஷாவை உட்காரவைத்து எடுக்கச் சொன்னார். பாஷா என் பக்கம் திரும்பவே இல்லை. குரல் உள்ளேயே கிடக்கிறது. இப்போது கூப்பிட வழியும் இல்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஆவடியில் வாடகை வீடு பார்த்துவிட்டு வந்து, ஜன்னல் கிழக்குப் பார்த்தது என்று பேசிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 8, திங்கள்

தூறல். நான் போவதற்குள் மாஸ்டர் சிடி போய்விட்டது. என் மேஜையில் கம்ப்யூட்டர் இல்லை. மு. அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திறக்கவில்லை.

படி இறங்கினேன். கீழே வாசலில் கஸ்தூரி, கழுத்தில் அளவு டேப். உள்ளே வரிசையாக மிஷின் ஓடும் இரைச்சல்.

"இன்னா கம்பூட்டர் சாரு? கூப்டீங்களா, தூக்கிட்டீங்களா?"

இரைச்சலில் கேட்காத மாதிரி நின்றேன்.

அவள் உள்ளே திரும்பி, "ஏய், கொஞ்சம் நிறுத்துங்கடி" என்றாள். ஒவ்வொரு மிஷினாக நின்றது.

"இப்ப சொல்லு."