யாரோ ஒருத்தர் ஏணி

என்னங்க,

உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? சின்னவளுக்கு இருமல் நின்றதா? நான் சுகம். சலவைக்கூடத்துச் சூட்டில் இந்த ஊர்க் குளிர்கூடத் தெரிவதில்லை.

ஞாயிறு விடுமுறையில், கூட வேலை செய்யும் அக்காவோடு பஸ் ஏறிப் பெரிய நகரத்துக்குக் கிறிஸ்துமஸ் விளக்குகள் பார்க்கப் போனேன். தெரு முழுக்க நட்சத்திரமும் மணியுமாக ஜொலித்தது. எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள், நான் வயரைப் பார்த்தேன். கல்யாண வீடுகளில் பதினோரு வருஷம் உங்களோடு சீரியல் செட் கட்டின புத்தி எங்கே போகும்!

ஒரு நட்சத்திரத்தில் பாதி எரியவில்லை. அதைச் சரிசெய்ய ஒருத்தர் ஏணியில் ஏறினார். என்னை அறியாமல் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் குனிந்து, "யாரும்மா நீ?" என்றார்.

"நீங்க வேலையைப் பாருங்க, நான் பிடிச்சிருக்கேன்."

அக்கா வெட்கத்தில் நாலு கடை தள்ளிப் போய் நின்றுவிட்டாள். அவர் இறங்கும்வரை நான் விடவில்லை. இறங்கியதும், "அடுத்த வருஷத்துக்கு ஆள் எடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஏணி பிடிக்கவா?" என்று சிரித்தார்.

"ஏறத்தான்."

சிரிப்பை நிறுத்திவிட்டு ஆபீஸ் விலாசம் எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை போகிறேன். வேண்டாம் என்று எழுதாதீர்கள், கேட்கமாட்டேன்.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் பழைய டெஸ்டரை அனுப்புங்கள். இங்கே புதிது கிடைக்கும், ஆனால் எனக்கு அதுதான் வேண்டும்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள். இப்போது உங்கள் ஏணியை யார் பிடிக்கிறார்கள்?

உங்கள் வீட்டுக்காரி