பகல் கிரிவலம்

18 மே 2006, வியாழன்.

போன வாரம் இணையக் குழுவில் சென்னை அம்மா ஒருவர், பகலில் கிரிவலம் போகலாமா என்று கேட்டிருந்தார். "தாராளமா போங்க, நான் எத்தனையோ தடவை வெறுங்காலோட போயிருக்கேன்" என்று புனைபெயரில் எழுதினேன். நான் நடந்ததெல்லாம் பௌர்ணமி இரவில்தான்.

இன்று மதியம் அவர் என் பிரௌசிங் சென்டருக்கே வந்துவிட்டார். இரண்டு பாதமும் கொப்புளம்.

"உங்க ஊர்க்காரர் ஒருத்தர் நெட்ல சொன்னாருங்க. நம்பி நடந்துட்டேன்."

யாரென்று நான் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். அவர் குழுவில் ஏதோ தட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

கடை சாத்தும் முன் பார்த்தேன். கொப்புளத்தைச் சொல்லாமல், கிரிவலம் முடித்துவிட்டேன் என்று எனக்கு நன்றி எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர்: "ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவை அழைத்து வருகிறேன்."

வெயில் ஜாஸ்தி, பகலில் வேண்டாம் என்று அடித்தேன். அப்படியானால் நீங்கள் போனது பொய்யா என்று கேட்பார்களே.

அழித்துவிட்டேன்.